பிரேக் மாஸ்டரும் பட்டாணியின் பிரசவமும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு ஸ்டியரிங் சொந்தமில்லை. பக்கத்து சீட்டின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்குமே, அதுதான் சொந்தம். நம் மாஸ்டர் அதன் மேல் கால் வைத்தபடியே தலை நரைத்தவர். எதிரே லாரி வந்தாலும் பிரேக், காகம் பறந்தாலும் பிரேக், ஒன்றுமே வராவிட்டால் ஏன் வரவில்லை என்ற சந்தேகத்தில் ஒரு பிரேக். கற்றுக்கொள்ள வந்தவர்கள் வைத்த பெயர்தான் பிரேக் மாஸ்டர். வீட்டில் மனைவி மிக்சியை வேகமாக விட்டால்கூட மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் அழுந்தும். அந்த அம்மாள் பழகிக்கொண்டார்.

மகள்தான் பழகவில்லை. அவளுக்கு அப்பாவேதான் கற்றுக்கொடுத்தார். அவள் கிளப்புவாள், அவர் நிறுத்துவார். விடுமுறை முழுக்க வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை. கடைசியில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டாள். மாஸ்டருக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து சாவி அவர் சட்டைப் பையிலேயே குடியிருந்தது. அவளும் கேட்கவில்லை.

இந்த வீட்டில்தான் பட்டாணி கர்ப்பமானாள். முழங்கால் உயரம்கூட இல்லாத நாய், முதல் பிரசவம் வேறு.

"இடுப்பு ரொம்பக் குறுகல்" என்றார் டாக்டரம்மா. "தினமும் உடம்புச் சூடு பாருங்க. சட்டுனு இறங்கினா ஒரு நாளைக்குள்ள குட்டி போட்டுடும். அதுபாட்டுக்கு விடுங்க, தொந்தரவு பண்ணாதீங்க. ஆனா குட்டி வர்றதுக்கு முன்னாடி பச்சையா கசிஞ்சா மட்டும் காத்திருக்காதீங்க. தூக்கிட்டு ஓடி வந்துடுங்க."

மாஸ்டர் காதில் கடைசி இரண்டு வாக்கியம் மட்டும்தான் ஏறியது.

ஏற்பாடுகள் தடபுடலாக நடந்தன. டிவி வந்த அட்டைப்பெட்டியில் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, பழைய பேப்பர் பரப்பி, மேலே போர்வை விரித்தார். துண்டுகளைத் துவைத்துக் காயவைத்து அடுக்கினார். யாரும் கிட்டே போகக்கூடாது என்று, மைதானத்தில் வண்டி வளைக்கப் பழக்கும் ஆரஞ்சு நிறக் கூம்புகளைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றி நட்டார். அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. நிமிஷத்துக்கு ஒரு தரம் கூம்பைத் தாண்டி எட்டிப் பார்ப்பார். மகள் தன் பங்குக்கு வண்டியின் பழைய எல் போர்டைப் பெட்டியில் ஒட்டினாள்.

"முதல் தடவைதானே, கத்துக்கட்டும்."

மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை, ஆனால் பிய்க்கவும் இல்லை.

ஒரு நாள் காலை சூடு இறங்கியது. மாஸ்டர் அன்றைய வகுப்புகளையெல்லாம் ரத்து செய்தார். பட்டாணி பேப்பரைக் கிழித்தாள், மூச்சிரைத்தாள், கட்டிலுக்கு அடியில் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். குட்டி போட்ட பூனை மாதிரி அலைவதாகச் சொல்வார்கள். மாஸ்டர் குட்டி போடாத நாயின் பின்னால் அலைந்தார்.

"நீங்க எட்டி எட்டிப் பாத்தா அவளுக்கு வர்ற வலியும் நின்னுடும். கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்களேன்" என்று சொல்லிவிட்டு மனைவி வேலைக்குக் கிளம்பினார்.

மாஸ்டர் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

மதியத்துக்கு மேல் பட்டாணி முக்க ஆரம்பித்தாள். முக்கி முக்கி ஓய்ந்தாளே தவிர ஒன்றும் வரவில்லை. அப்புறம் போர்வையில் பச்சையாக ஒரு கறை தெரிந்தது. மாஸ்டர் துண்டோடு அவளை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மகள் பின்னாலேயே வந்து கையை நீட்டினாள்.

"எங்கிட்ட குடுங்கப்பா, நீங்க வண்டி எடுங்க."

பட்டாணி விடவில்லை. அவர் சட்டையில் நகத்தைப் பதித்துக்கொண்டு, மகளின் கை கிட்டே வந்ததும் உறுமினாள். மாஸ்டர் காரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"பையில சாவி இருக்கு. எடு" என்றார்.

முதல் திருப்பத்தில் பக்கத்து சீட்டின் பிரேக்கில் அவர் கால் தானாக அழுந்தியது. வண்டி குலுங்கி நின்றது. மடியில் பட்டாணி வீறிட்டாள். மகள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க அவளைப் பாருங்கப்பா. ரோட்டை நான் பாத்துக்கறேன்."

அவர் குனிந்து அவளைப் பார்த்தார். பட்டாணி உடம்பை முறுக்கி ஒரு முக்கு முக்கினாள். வழுவழுவென்று ஒரு பை துண்டில் விழுந்தது. அவளுக்கு அதை நக்கக்கூடத் தெம்பில்லை. மாஸ்டர் விரலால் பையைக் கிழித்தார், குட்டியின் வாயைத் துடைத்தார், துண்டால் தேய்த்தார். அசைவில்லை. "வாடா, வாடா" என்று கெஞ்சிக்கொண்டே தேய்த்தார். கண்ணில் நீர் முட்டியது. தேய்த்த இடத்தில் ஏதோ துடித்தது. எலிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அப்பா, இறங்குங்க."

"ஏன் நிறுத்திட்டே?"

"ஆஸ்பத்திரி வந்தாச்சு."

மாஸ்டர் தலையைத் தூக்கினார். மார்க்கெட் நெரிசல், மேம்பாலம், சிக்னல் எல்லாம் எப்போது தாண்டிப் போயின என்று அவருக்குத் தெரியவில்லை.

மற்ற இரண்டு குட்டிகளையும் டாக்டரம்மா அறுவை செய்து எடுத்தார். தாயும் பிழைத்தாள். வெளியே வந்ததும் மகள் சாவியை நீட்டினாள். மாஸ்டர் அதை வாங்கவில்லை. தாயையும் குட்டிகளையும் வைத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி, பின் கதவைக் கண்ணால் காட்டினார்.

"முன்னாடி உக்காரலையா?"

"வேணாம்மா. நீ ஓட்டு."

அத்தனை வருஷத்தில் அந்தக் காரின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்தது அன்றுதான்.