டேவிட்ராஜ் மாட்டிய ஹெடர்

டேவிட்ராஜ் அழுது நான் பார்த்ததில்லை. அவர் மனைவி டெய்சிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, "வண்டி வெயில்ல நிக்குது, மாத்தி நிறுத்திட்டு வரேன்" என்று எழுந்து போனாராம். டெய்சியே இதைச் சொன்னாள். உறவுக்காரர்கள் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்கிறார்கள். நான் முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். இப்படி மரத்துப்போன ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் வேலை இருக்கும்வரை உடையாமல் நிற்பார்கள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மகனையும் வாத்தியாராக்கப் பார்த்தார், முடியவில்லை. டேவிட்ராஜ் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் சேர்ந்தார். இருபத்துநான்கு வருடமும் கில்ன் பிரிவு. சுண்ணாம்புக்கல்லை வேகவைக்கும், சுற்றிக்கொண்டே இருக்கும் பெரிய இரும்புக் குழாய்க்குத்தான் கில்ன் என்று பெயர். அதற்குள் சூடு தாங்கும் செங்கல் அடுக்கி, சாந்து பூசி, மெதுவாகச் சூடேற்றுவது இவர் ஆட்களின் வேலை. டெய்சிக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தபின் ஷிப்டும் ஆஸ்பத்திரி நாளும் மோதிக்கொண்டே இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டார். மகள் ஷாலினி மேரி கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருப்பதால், டெய்சியைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது. அவர்கள் என்னை மதலேனம்மா என்பார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் பெரம்பலூரில் டயாலிசிஸ். காலை எட்டு மணிக்குப் படுக்கை. வீட்டிலிருந்து ஐந்தே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். பழைய பெட்ரோல் கார், டேவிட்ராஜ்தான் ஓட்டுவார். ஒரே ஒரு தடவை வாடகை வண்டியில் போனோம். டெய்சி அதில் வாந்தி எடுத்துவிட்டாள். அந்த டிரைவர் உடையார்பாளையம் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, அவளை வெளியே உட்கார வைத்து, எல்லோரும் பார்க்க சீட்டைக் கழுவினான். அதற்குப்பிறகு அவள் வாடகை வண்டியில் ஏறுவதில்லை.

போன தவக்காலத்தில் ஒரு நாள் அவள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "ஒரு தடவ போவ முடியாமப் போச்சுன்னா அதோட நிறுத்திருவேன். யாரும் என்னைய இழுத்துட்டுப் போவக் கூடாது."

டேவிட்ராஜ் "சரி" என்றார்.

"சரியா? நெசமாத்தான் சொல்றேன்."

"நானும் நெசமாத்தான் சரிங்கறேன். சாப்புடு."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். டயாலிசிஸை நிறுத்தினால் எத்தனை நாள் உயிர் தங்கும் என்றும் தெரியும். அவருக்கும் தெரியும். அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் தவறக் கூடாது என்பது ஒன்றுதான் அந்த வீட்டின் சட்டம்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது காரின் மேனிஃபோல்டு பிளந்துவிட்டது. எஞ்சினிலிருந்து வரும் புகையைச் சேர்த்துப் பின்னாலுள்ள பைப்புக்குக் கொடுக்கும் வார்ப்பிரும்புத் துண்டு அது. ஏற்கெனவே இரண்டு தடவை வெல்டிங் வைத்தது. கார் டிராக்டர் மாதிரி கத்திக்கொண்டு எப்படியோ வீடு வந்து சேர்ந்தது. புதுசு வேண்டுமானால் கோயம்புத்தூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார் ஜெயங்கொண்டம் மெக்கானிக். வெள்ளிக்கிழமைக்கு இருந்தது இரண்டு நாள்.

புதன்கிழமை டேவிட்ராஜ் பஸ் மாறி மாறி லப்பைக்குடிக்காட்டுக்குப் போனார். ஆலையில் முன்பு கூட வேலை செய்து, பிறகு ஷார்ஜா போய்த் திரும்பிய ஹாஜா நஜ்முதீன் அங்கே இருக்கிறார். அவரிடமும் இதே மாதிரிக் கார் இருந்தது. வேகத்துக்கும் சத்தத்துக்குமாக இளவட்டங்கள் மாட்டும் ஹெடர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதுவும் மேனிஃபோல்டு செய்யும் வேலையைத்தான் செய்யும். ஒரே வார்ப்புக்குப் பதிலாக நான்கு வளைந்த ஸ்டீல் குழாய்கள், கடைசியில் ஒன்றாகச் சேரும்.

மதியம் அதைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

"என்னாது, இடியாப்பக் கொழலா?" என்றாள் டெய்சி.

"ஹாஜாவோட வாப்பா இத மாட்டுனா வூட்டுக்குள்ள விடமாட்டேன்னுட்டாராம். அவனும் வண்டிய வித்துட்டான். நாலு வருசமா கட்டிலுக்கு அடில கெடந்துச்சு. காசு வாங்கமாட்டேங்கறான். துவா செய்யறேன்னு சொல்லச் சொன்னான்."

"எனக்கா, வண்டிக்கா?"

"கேக்கல."

சாயங்காலமே வேலையை ஆரம்பித்தார். வாசலில் வேப்பமரத்தடியில் காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே இரண்டு பக்கமும் கருங்கல் கொடுத்தார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். மேனிஃபோல்டைப் பிடித்திருந்த எட்டு நட்டில் ஐந்து வந்துவிட்டன. மூன்று துருப்பிடித்து அசையவில்லை. பலம் கொடுத்தால் போல்ட்டே முறிந்துவிடும். அவர் உள்ளே வந்து, மாதா படத்துக்கு முன்னால் பாதி எரிந்து கிடந்த ஏலாக்குறிச்சி மாதா கோயில் மெழுகுவர்த்தியை எடுத்துப்போனார். நட்டை கேஸ் டார்ச்சால் சிவக்கச் சுட்டு, டார்ச்சை அணைத்துவிட்டு மெழுகை வைத்தால், உருகி மரைக்குள் இறங்கிவிடும். ஆலையில் கற்ற வழி.

"அது நேந்துகிட்ட மெழுகுங்க" என்றாள் டெய்சி ஜன்னலிலிருந்து.

"அதே வேலைக்குத்தான எடுத்தேன்."

மூன்றும் முறியாமல் வந்தன.

வியாழக்கிழமை முழுக்க மாட்டும் வேலை. எஞ்சின் பக்கம் சுத்தமாக உட்கார்ந்தது. நான்கு குழாயும் சேரும் கடைசி வாயில்தான் பழைய பைப்போடு பொருந்தவில்லை. இரண்டு விளிம்புக்கும் நடுவில் ஒரு பக்கம் விரல்நக அளவு இடைவெளி. புகை கசியாமல் அங்கே வைக்க வேண்டிய கேஸ்கெட் தகடு நான்கு வருடத்தில் எங்கேயோ தொலைந்துவிட்டது.

டேவிட்ராஜ் கொல்லைக்குப் போய் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே கில்ன் சாந்து. ஆலையில் வேலை செய்கிறவர் இருக்கும் வீடுகளில் இந்தச் சாந்து கொஞ்சமாவது இருக்கும். விறகடுப்பு உடைந்தால், வெந்நீர்த் தவலையில் ஓட்டை விழுந்தால், இதைத்தான் பூசுவார்கள்.

"இது காருக்கு ஆவுமா தம்பி?" என்று கேட்டேன்.

"ஆயிரத்து நானூறு டிகிரி தாங்கும் மதலேனம்மா. இங்க அதுல பாதிகூட வராது."

தண்ணீரில் குழைத்து இடைவெளியில் அப்பி, போல்ட்டை முறுக்கினார். பிறகு கில்னைச் சூடேற்றுவதுபோலவே செய்தார். ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைத்தார். ஆறியதும் பத்து நிமிடம். பிறகு இருபது. சாயங்காலம் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். ஓட்டைச் சத்தம் இல்லை. குழாய்க்குரிய கனத்த உறுமல் மட்டும் இருந்தது.

அவருக்குச் சூடு தெரியும். கில்ன் நிமிடத்துக்கு மூன்று நான்கு சுற்று நிதானமாகச் சுற்றும், எஞ்சின் உதறும் என்பதை அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நேரத்துக்குக் கிளம்பினோம். அரியலூர் வந்ததும் சுண்ணாம்புக்கல் லாரிகள். டெய்சிக்குத் தூசி ஆகாது. பின்கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, காற்றுக்கு ப்ளோயரைப் போட்டார். தன் பக்கக் கண்ணாடியை மட்டும் எஞ்சின் சத்தம் கேட்க நாலு விரல் இறக்கி வைத்திருந்தார். அல்லிநகரம் தாண்டும்போது டெய்சி என் தோளில் சாய்ந்தாள். டயாலிசிஸ் நாள் காலையில் அவள் அப்படித்தான், மந்தமாக இருப்பாள், குமட்டும். அதனால் நான் ஒன்றும் நினைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் நெற்றியைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியதுபோல இருந்தது. எனக்குத் தலைவலி வருவதில்லை. கைப்பையைத் திறக்கப் பார்த்தேன், விரல் ஜிப்பைப் பிடிக்கவில்லை.

வார்டில் ஒரு தடவை, மூடிய அறையில் ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கிய மூன்று பேரைக் கொண்டுவந்தார்கள். ஒருவர்தான் வீட்டுக்குப் போனார்.

"தம்பி, வண்டிய நிறுத்து. எஞ்சின ஆஃப் பண்ணு. கதவத் தொற."

பேரளிக்கு முன்னால் ஓரங்கட்டினார். டெய்சியை இழுத்து இறக்கி, காற்று வரும் பக்கமாகப் புளியமரத்தடியில் உட்கார வைத்தோம். கன்னத்தைத் தட்டினால் கண் திறந்தாள், மறுபடி மூடினாள். அவர் பையிலிருந்து விரலில் மாட்டும் ஆக்சிஜன் மெஷினை எடுத்து அவள் விரலில் வைத்தார்.

"தொண்ணூத்தெட்டு காட்டுது மதலேனம்மா. நல்லாத்தான இருக்கா?"

"அந்த மெஷினுக்கு இந்தப் புகை தெரியாது. ரத்தத்துல ஆக்சிஜன் இருக்க வேண்டிய எடத்துல புகை உக்காந்திருந்தாலும் தொண்ணூத்தெட்டுன்னுதான் சொல்லும். அதக் கீழ வை. அவளப் பேரச் சொல்லிக் கூப்புடு."

அவர் கூப்பிட்டார். வருகைப்பதிவு எடுக்கிற வாத்தியார் மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல், டெய்சி, டெய்சி என்று. நான் நூற்றெட்டுக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வரும்முன் அவள் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டேன்.

"என்னா ஆச்சு?" என்றாள்.

"வண்டிப் புகை உள்ள வந்துருச்சு" என்றார்.

அவள் காரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "கொல்றதா இருந்தா வூட்லயே செஞ்சிருக்கலாம்ல. பெட்ரோல் மிச்சம்."

அவர் காரிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்தார். அவள் செருப்பில் பட்டிருந்த வாந்தியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் வைத்தார்கள். எனக்கும்தான். பெரம்பலூரில் நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்து, மதியம்வரை ஆக்சிஜனிலேயே வைத்திருந்தார்கள். டயாலிசிஸ் டெக்னீஷியன் சிந்து மதியத்துக்குமேல் ஒரு படுக்கையைக் காலி செய்து மூன்று மணி நேரம் ஓட்டினாள். நான்கு மணி நேரம் ஓட வேண்டியது. ஆக, அந்த வெள்ளி தவறவில்லை.

டேவிட்ராஜ் கண்ணாடி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, பேரளியில் விட்ட காரைத் தனியாக வீட்டுக்கு ஓட்டிப்போனார். நாங்கள் பஸ்ஸில் வந்தோம்.

சனிக்கிழமை அந்த இணைப்பைக் கழற்றினார். சாந்தில் சுற்றிலும் மயிரிழை வெடிப்பு, ஒரு பக்கம் துண்டே விழுந்திருந்தது. எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகரத்தில், பழைய கேபிள் போன துளை ஒன்று ரப்பர் இல்லாமல் திறந்து கிடந்தது. புகை வந்த வழி அது. ப்ளோயர் மீதியை இழுத்திருக்கும். அவர் பைப் விளிம்பை ஜெயங்கொண்டம் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சமமாகக் கடைந்து, செப்புத் தகட்டில் கேஸ்கெட் வெட்டி வாங்கிவந்தார். துளையை அடைத்தார். திங்கட்கிழமை மதியம்வரை அதே வேலை.

நடுவில், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் படுத்திருந்த டெய்சி, அவர் காதில் விழும்படி என்னிடம் சொன்னாள்: "நான் செவ்வாக்கெழம வரல. அந்த வண்டில ஏறமாட்டேன். வேற எந்த வண்டிலயும் ஏறமாட்டேன். போதும்."

அவர் வாசலில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. சொல்வதற்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரிந்தது.

செவ்வாய் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து அவளுக்கு மாத்திரை கொடுத்தேன். வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ நேரமா ஓடுது?" என்றாள்.

"நான் எந்திரிக்கறப்பவே ஓடுச்சு. இருவது நிமிசம் இருக்கும்."

"அவரு எங்க?"

வீட்டுக்குள் இல்லை. நான் வெளியே போனேன். கண்ணாடி நான்கும் ஏற்றியிருந்தன. ப்ளோயர் ஓடியது. டேவிட்ராஜ் பின்சீட்டில், டெய்சி உட்காரும் இடத்தில், கையைத் தொடையில் வைத்து உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்தேன்.

"தலவலி இல்ல மதலேனம்மா" என்றார். "கொமட்டலும் இல்ல. கைவிரல் நல்லா மடங்குது, பாருங்க." மடக்கிக் காட்டினார்.

"ஏந்தம்பி, அறிவிருக்கா? புகை வந்திருந்தா தலவலின்னு சொல்ல நீ இருந்திருப்பியா? என்னைய எழுப்பிச் சொல்லிட்டு உக்காந்திருக்கலாம்ல?"

"சொன்னா வுட்ருக்கமாட்டீங்க."

"வுடமாட்டேன்தான். எறங்கு கீழ."

இறங்கினார். எஞ்சினை அணைத்தார். ஜன்னலில் டெய்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவர் அவளைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. பானட்டைத் திறந்து குனிந்துகொண்டார்.

நான் உள்ளே வந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, கையிலிருந்த மாத்திரையை முழுங்கினாள்.

"கிறுக்குப்புடிச்ச மனுசன்" என்றாள். "சேலைய எடுங்க. அந்த நீலம் வேணாம், கறை போவல."

ஐந்து ஐம்பதுக்குக் கிளம்பினோம். ஆண்டிமடம் தாண்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"முழிச்சுத்தான் இருக்கேன்" என்றாள் ஒவ்வொரு தடவையும். "சும்மா வாங்க."