முழங்கையால் பதில் சொல்லும் நஜ்மா

கரையான்சாவடி மெயின் ரோட்டில் என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே ஹாஜா மொய்தீன் பாயின் ஆட்டுக்கறிக் கடை. பாய் உள்ளே கட்டையில் கறி வெட்டுவார். அவர் மனைவி நஜ்மா வெளியே தாழ்வான மணையில் உட்கார்ந்து தலை, கால், குடல், ஈரல் எல்லாம் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்க வரும் பெரியவர்கள் பாய் முன்னால் நிற்பார்கள். கூட வந்த பிள்ளைகள் நஜ்மாவைச் சுற்றிக் குந்திக்கொள்வார்கள்.

எனக்குப் பிள்ளைகள் கேள்வி கேட்டாலே எரிச்சல் வரும். மறைத்துப் பேச என்ன இருக்கிறது? ரேவதி ஜெராக்ஸ் என்றால் சிடுமூஞ்சி ஜெராக்ஸ் என்றுதான் இந்தத் தெருவில் பெயர். நஜ்மா அப்படி இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஒரு பிள்ளை கேட்ட கேள்வியைப் பதில் சொல்லாமல் அனுப்பினால் அன்றைக்குச் சோறு இறங்காது அவளுக்கு.

"அத்த, ஆட்டுக்கு மேல் பல்லே இல்லியே, யாரு புடுங்கனது?"

"யாரும் புடுங்கல. முன்னாடி மேல அதுக்குப் பல்லே மொளைக்காது. கெட்டியா ஒரு ஈறு, அவ்ளோதான். கீழ்ப்பல்லால அதுமேல அழுத்திப் புல்ல அறுக்கும். உள்ள தள்ளி, கடவாய்ல ரெண்டு பக்கமும் பல்லு கீது, தொட்டுப் பாரு."

தொட்டும் பார்ப்பார்கள். முகம் சுளிக்கிற பெற்றோரை அவள் கண்டுகொள்ள மாட்டாள். மூச்சுக்குழலில் வாயை வைத்து ஊதி, நுரையீரல் உப்புவதைக் காட்டுவாள். இரைப்பையின் நாலு அறையையும் பிரித்து விரித்துப் போடுவாள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே கேள்விதான் வரும்: "எனக்கு அது எங்க கீது?" அவள் கையெல்லாம் ரத்தமும் ஈரமும் என்பதால் முழங்கையைத் தூக்கித் தன் உடம்பிலேயே இடம் காட்டுவாள். ஈரலா, வலது விலாவுக்குக் கீழே. சிறுநீரகமா, முதுகுப் பக்கம், இரண்டு. பிள்ளைகளும் அவளைப் பார்த்துத் தங்கள் முழங்கையை மடக்கி இடித்துக்கொள்வார்கள். தெரியாததைத் தெரியாது என்பாள். ஆட்டுப் புழுக்கை ஏன் உருண்டையாக வருகிறது என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு ஒரு வாரம் தவணை வாங்கினாள். ஆடு அறுக்கும் கூடத்தில் ஆட்டைப் பார்த்து முத்திரை குத்தும் கால்நடை டாக்டரைப் பிடித்துக் கேட்டு, குடலின் கடைசிப் பகுதி தண்ணீரை உறிஞ்சி இறுக்கி இறுக்கிக் கிள்ளி விடுகிறது என்று அடுத்த ஞாயிறு வந்து சொன்னாள். கேட்ட பிள்ளையே மறந்துபோயிருந்தது. அவள் மறக்கவில்லை.

இந்தக் கூட்டத்தில் தவறாமல் வருபவள் தீபிகா. ஆறாம் வகுப்பு. அவள் அம்மா தாட்சாயிணி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. உடம்பில் ரத்தமில்லை என்று வாராவாரம் சுவரொட்டி வாங்க வருவாள். ஆட்டின் மண்ணீரலைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், தின்றால் ரத்தம் ஊறும் என்று நம்பிக்கை. அம்மா காத்திருக்கும் நேரமெல்லாம் மகள் நஜ்மாவிடம் பாடம் படிப்பாள். உடம்பில் எது எங்கே என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

போன தை மாதம் ஒரு ஞாயிறு. குடல் தொட்டிக்குள் கையை விட்டு தீபிகா எதையோ தூக்கினாள். இளஞ்சிவப்பாக, இரண்டு கொம்பாகப் பிரிந்த ஒரு சின்னப் பை.

"அத்த, இது இன்னா பை? இத நீங்க காட்டவேல்லியே."

அது கருப்பை. பெட்டை ஆட்டின் கருப்பை. ஆனால் கடையின் பலகையில் 'கிடாக்கறி மட்டும்' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. வாசலில் தொங்கும் கிடாயில் விதையை அறுக்காமல் விட்டுவைப்பார்கள், கிடாதான் என்பதற்கு அதுதான் சாட்சி. உள்ளே தொங்குகிற இரண்டும் பெட்டை. இந்த ஊரில் பாதிக் கடைகளில் இப்படித்தான், வாங்குகிறவர்களுக்கும் பாதி தெரியும். ஆனாலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வரிசையில் அப்போது தேவராஜ் நின்றிருந்தார். "இன்னா பாய், கிடாதான?" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுத்தான் எப்போதும் கறி வாங்குவார்.

பாய் கத்தியை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். நஜ்மா அந்தப் பையைப் பிடுங்கிக் கழிவு வாளியில் போட்டாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, வெறும் கழிவு."

"எனக்கு அது எங்க கீது?"

"நமக்கெல்லாம் அது கெடையாது. வா, கண்ணு முழிய காட்டறேன்."

முழங்கை அன்றைக்கு எழவில்லை. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பெரிதாகப் படவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வியாபாரம் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் போயிற்று. சித்திரை வெயிலில் ஒரு புதன்கிழமை, பரீட்சை முடிந்து மத்தியானம் மூன்று மணி இருக்கும். கறிக்கடையில் கூட்டமில்லை. தீபிகா பள்ளிச் சீருடையில், பின்பக்கம் மறைகிற மாதிரி பையை இடுப்புக்குக் கீழே இறக்கித் தொங்கவிட்டபடி நஜ்மா முன்னால் வந்து நின்றாள்.

"அத்த, ஈரல் ஒடஞ்சா எத்தினி நாள் உசுரோட இருக்கலாம்?"

நஜ்மா வழக்கம்போல பதிலை ஆரம்பித்துவிட்டாள். "ஈரல் அப்டிலாம் ஒடையாது, அடிபட்டாதான்..." அதற்குள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாவாடையைப் பார்த்தாள். கையைக்கூடக் கழுவாமல் அவளை அணைத்தபடி ரோட்டைக் கடந்து என் கடைக்குள் வந்து ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

இரண்டு நாளாக ரத்தம் போகிறதாம். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா ஏற்கெனவே சோர்ந்து சோர்ந்து படுக்கிறாள், தான் சாகப்போவதையும் சொல்லி அவளை அழவைக்க வேண்டாம் என்று பிள்ளை முடிவெடுத்திருக்கிறது. தனியாக, பழைய பாவாடையைக் கிழித்து வைத்துக்கொண்டு, தன் உடம்பில் எது உடைந்தது என்று கணக்குப் போட்டிருக்கிறது.

"கிட்னினா முதுவு வலிக்கும்னு சொன்னீங்க. எனக்கு அடிவயிறு வலிக்குது. அங்க மூத்திரப்பை மட்டும்தான் கீதுன்னீங்க. ஆனா ரத்தம் அதுலேர்ந்து வர்ல, நான் பாத்தேன். கொடல்லேர்ந்தும் வர்ல. அப்ப ஈரல்தான் அத்த. அதுலதான் ரத்தம் நெறய கீது."

நஜ்மா சொன்ன ஒவ்வொரு பதிலையும் அந்தப் பிள்ளை அப்படியே நம்பி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அடுக்கியதில் ஒரு பிழையும் இல்லை. நஜ்மா ஒரு உறுப்பைக் கொடுக்காமல் விட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

நஜ்மா தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். "நீ சாவமாட்ட. உனக்கு ஒண்ணும் ஒடயல. அன்னிக்கு ஒரு பை எடுத்துக் காட்டின பாரு, அது கருப்பை. கொழந்த வளர்ற எடம். அது உனக்கும் கீது, எனக்கும் கீது." முழங்கையை மடக்கி அடிவயிற்றில் வைத்துக் காட்டினாள். "ஆட்டுக்கு ரெண்டு கொம்பா பிரிஞ்சிருக்கும். நமக்கு ஒரே பை, உன் மூடின கை அளவுதான். மாசாமாசம் அது உள்ள ஒரு மெத்த மாதிரி போட்டு வெக்கும். கொழந்த வர்லன்னா அந்த மெத்த ரத்தமா கரைஞ்சி வந்துடும். அதான் இது. எல்லா பொண்ணுக்கும் வரும்."

நான் தீபிகாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன், பக்கத்து மெடிக்கலில் நாப்கின் வாங்கி வந்தேன். எனக்கு அவ்வளவுதான் செய்யத் தெரிந்தது.

"கெடையாதுன்னு ஏன் சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

"அன்னிக்கு வெட்டினது பெட்ட ஆடு. வரிசைல நிக்கறவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு சொன்னேன்."

பிள்ளை அவளையே பார்த்தது. "அப்ப மத்ததெல்லாம்?"

மற்றதெல்லாம் நிஜமா என்று கேட்கிறது. இத்தனை வருடம் ஞாயிறு ஞாயிறாகச் சொன்ன எல்லாப் பதிலையும் அந்த ஒரு கேள்வி தராசில் தூக்கி வைத்துவிட்டது. நஜ்மாவின் முகம் செத்துப்போயிற்று. "மத்ததெல்லாம் நெசம்" என்று அவள் சொன்னதை தீபிகா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் தாட்சாயிணி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நஜ்மாவே அவள் வீடு வரை போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், தன் பொய்யையும் சேர்த்து. தாட்சாயிணி மகளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெண் பெரியவளான செய்தி, தாய்மாமனுக்குக்கூடப் போகுமுன் கறிக்கடையில் தெரிந்தால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்?

சனிக்கிழமை பாய்க்கும் நஜ்மாவுக்கும் பெரிய சண்டை. ரோட்டைத் தாண்டி என் கடை வரைக்கும் கேட்டது.

"பெட்ட தனி, கிடா தனின்னு போர்டு எழுதணுமா? இத்தினி வருசம் எங்கப்பா காலத்துலேர்ந்து நடத்தற கட, யாவாரம் இன்னாவறது?"

"போனா போவட்டும். இனிமே தொட்டில வர்ற எதயும் நான் மறைக்க மாட்டேன். மறைக்கணும்னா நீங்களே வந்து ஒக்காந்து கொடல் கழுவுங்க."

பாய் நல்ல மனுஷர்தான். ஆனால் குடல் கழுவ மாட்டார். அதனால் நஜ்மா ஜெயித்தாள் என்று நான் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. உண்மையில் அவர் அவள் கண்ணைப் பார்த்துத்தான் இறங்கி வந்தார். பலகையை அவரே பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்து மாற்றி எழுதினார்.

ஞாயிறு காலை வரிசை சேர்ந்ததும் நஜ்மா ஒரு எவர்சில்வர் தட்டில் அந்தப் பையை வைத்துப் பிள்ளைகள் நடுவே நீட்டினாள். "இது கருப்பை. இது பெட்ட ஆடு. போன வாரம் வரைக்கும் இத நான் கழிவு வாளியில போட்டேன், அது தப்பு." குரலை ஏற்றியே சொன்னாள்.

தேவராஜ் குதித்தார். "அப்ப இத்தினி நாளா எனக்குப் பெட்டயத்தான் போட்டியா பாய்? சின்னப் பசங்க எதிர்ல காட்டற பொருளா இது? வெக்கமா இல்ல?"

"விதைய வாசல்ல தொங்கவிட்டப்ப இதே பசங்கதான் நின்னாங்க. அப்ப உங்களுக்கு வெக்கமா இல்லியே அண்ணாத்தே" என்றாள் நஜ்மா.

அவர் பையைச் சுருட்டிக்கொண்டு போனார். அவரோடு ஏழெட்டுப் பேர் போனார்கள். நின்றவர்களும் பெட்டைக் கறி எது என்று விசாரித்துத் தள்ளி நின்றார்கள். பத்து மணிக்கு வெறிச்சோடிப் போயிருந்தது. பாய் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். நஜ்மா மணையை விட்டு எழவே இல்லை. எனக்கு அவள்மேல் கோபமாகவும் வந்தது, போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

அப்போதுதான் தாட்சாயிணி வந்தாள், மகள் இல்லாமல். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டு எதிரே ஓடினேன். அவள் சண்டை போடவில்லை. நஜ்மா முன்னால் பிள்ளைகள் குந்துகிற இடத்தில் குந்தினாள்.

"நஜ்மாக்கா, தீபிகா சொல்லிச்சி. நீங்க காட்டனத எனக்கும் காட்டுங்க."

நஜ்மா தட்டை நகர்த்தினாள். முழங்கையால் இடத்தையும் காட்டினாள். தாட்சாயிணி குனிந்து பார்த்தாள்.

"ஐப்பசிலேர்ந்து எனக்கு நிக்கவே இல்லக்கா. ரெண்டு நாள் விட்டு ரெண்டு நாள் போய்கினே கீது. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. இதுல இன்னா கெட்டுப்போனா அப்டி ஆவும்?"

ஆறு மாதம். மகள் இரண்டு நாள் மறைத்ததை அம்மா ஆறு மாதம் மறைத்திருக்கிறாள். நஜ்மா கையைக் கழுவினாள், இரண்டு முறை. "எனக்குத் தெரியாது. ஆட்ட வெச்சி இதுக்குப் பதில் சொல்ல முடியாது. நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். நானும் வரேன்."

"லீவு தரமாட்டாங்க. சூப்பர்வைசர் ஆம்பள. எதுக்குன்னு கேப்பாரு."

"கருப்பைலேர்ந்து ரத்தம் நிக்கல, டாக்டர பாக்கணும்னு சொல்லு. அதான நெசம்."

"எப்டிக்கா அத சொல்றது?"

"இப்ப என்கிட்ட சொன்ன மாதிரிதான். போடு போன."

தாட்சாயிணி என்னைப் பார்த்தாள். அன்றைய பொய்யை வியாபாரம் என்று விட்டுவிட்ட நான் எந்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்வது? போடு என்று தலையை ஆட்டினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்து சூப்பர்வைசர் நம்பரைப் போட்டாள். இரண்டு ரிங் போனதும் எடுத்துவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே, உதட்டுக்குள்ளேயே சொன்னாள். அந்தப் பக்கம் காதில் விழவில்லை போலிருக்கிறது. எழுந்து நின்று, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, இன்னொரு முறை சொன்னாள்.