அவருக்கென்று தந்த போத்தல்

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. ஆனாலும் சமையலறை அலுமாரியின் கீழ்த்தட்டில், அரிசிச் சாக்குக்குப் பின்னால், ஒரு வெள்ளை வைன் போத்தல் ஆறு வருடமாக நிற்கிறது. அரிசி எடுக்கும்போதெல்லாம் அதன் கழுத்து கண்ணில் படும். என் கணவர் இரண்டு முறை எறியச் சொன்னார். என்னுடையதாக இருந்தால் எப்போதோ எறிந்திருப்பேன். அது வேறொருவரிடம் சேர்க்கச் சொல்லி என்னிடம் தந்தது.

நான் சுவிஸில், ஃப்ரிபூர்க்கில் ரயிலேறி, ஏரிக்கரையிலுள்ள ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். மலைச்சரிவை வெட்டி, கல்மதில் கட்டி, தட்டுத் தட்டாக இறக்கிய தோட்டம். மேலே நேர் வெயில். கீழே ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெயில். பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுதுபட்ட பிறகு கொடிகளுக்குக் கொடுக்கிற கல்மதில். இந்த மூன்றும் சேர்ந்துதான் எங்கள் ஷாஸ்லாவைப் பழுக்க வைக்கின்றன. ஷாஸ்லா வெள்ளைத் திராட்சை, தோல் மெல்லியது. மேல் தட்டில் மண் ஆழமில்லை, களியும் கூழாங்கல்லும்தான். கொடி கஷ்டப்பட்டுத்தான் காய்க்கும். அதனாலேயே அந்தத் தட்டின் வைனுக்குத் தனி மதிப்பு. சூரிச்சிலிருந்துகூட ஆட்கள் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குவார்கள். குடித்தபின் நாக்கு நுனியில் ஒரு துளி உப்பு நிற்கும் என்பார்கள். எனக்கு அது தெரியாது. நொதிக்க வைப்பதற்கு முன் பிழிந்த சாற்றை மட்டும் ருசி பார்த்திருக்கிறேன்.

வேலை கேட்டுப் போன முதல் நாளே மதாமிடம் நான் பெருமையடித்தேன். மதாம்தான் தோட்டத்தின் முதலாளி. கணவர் செத்த பிறகு தனியாக நடத்துகிறவர். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஐயாவுக்கு முந்திரிகைப் பந்தல் இருந்தது என்றேன். திராட்சையை நாங்கள் முந்திரிகை என்றுதான் சொல்வோம். இந்தக் கொடியின் குணம் எனக்கு அத்துப்படி என்றும் சேர்த்துக்கொண்டேன். மதாம் நம்பினார். சில வருடங்களில் வேலையாட்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னிடம் வந்தது.

அந்தப் போத்தலுக்குரிய அண்ணையை நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன். கோயிலில் பழக்கம், என்னைவிட எட்டு வயது மூத்தவர், ஊரில் தையல்காரர். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். நிரந்தர வேலை ஒப்பந்தம் காட்டினால்தான் மாநில அரசின் கன்டோன் அலுவலகம் அவர்களைக் கூப்பிட விடும். அறுவடை முடியட்டும், ஒப்பந்தம் எழுதித் தருகிறேன் என்று மதாம் சொன்னார். அண்ணைக்குப் பிரெஞ்சு வராது. நான்தான் தமிழில் சொன்னேன். உடனே கைபேசியை எடுத்து மகளின் படத்தை மதாமுக்குக் காட்டினார். ஏழு வயதுப் பிள்ளை, முன்பல் இரண்டும் இல்லை.

அந்த வருடம் ஜூனில் விடாத மழை. குலைகளைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளினால்தான் காற்றுப் பட்டுப் பூஞ்சணம் பிடிக்காது. கீழ்த் தட்டுகள் முடிந்து, மேல் தட்டு மட்டும் மீதியிருந்தது. அது அண்ணையின் பங்கு. தன் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மதாம் பாசல் நகரத்துக்குப் புறப்பட்டபோது, காலை வெயில் படுகிற பக்கம் மட்டும் கிள்ளச் சொல்லுங்கள், மற்றப் பக்கத்தைத் தொட வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நானும் அண்ணையிடம் அப்படியே சொன்னேன்.

அடுத்த நாள் எனக்கு மூளை பிசகியது. மறுபடி மழை இருட்டிக்கொண்டு வந்தது. பந்தலில் கவாத்து வெட்டும்போது ஐயா ஓர் இலை விடாமல் உருவிவிடுவது நினைவுக்கு வந்தது. மதாமைவிட எனக்குக் கூடத் தெரியும் என்ற நினைப்பு.

"அண்ணை, ரெண்டு பக்கமும் உருவுங்கோ," என்றேன்.

"மதாம் ஒரு பக்கம் எண்டு சொன்னதா நீங்கள்தானே நேற்றுச் சொன்னனீங்கள், தங்கச்சி?"

"எனக்கே முந்திரிகை படிப்பிக்கிறியளோ? பேசாமல் உருவுங்கோ."

வாய்க்கொழுப்பு, வேறென்ன. அவர் மூன்று நாளில் தட்டு முழுவதையும் உருவி முடித்தார். ஒரு குலையில்கூடக் கீறல் இல்லை.

நான் மறந்தது ஒன்றுதான். ஐயா இலை உருவுகிற நேரத்தில் பந்தலில் பழம் இருக்காது. காய் பிடிக்கும்போது புது இலை வந்து மூடிவிடும். எங்கள் பந்தலில் பழங்கள் நிழலில்தான் தொங்கின, நேர் வெயிலைக் கண்டதே இல்லை.

மழை விட்டதும் வெயில் எரித்தது. ஏரியும் கல்மதிலும் சேர்ந்துகொண்டன. பின்னேர வெயில் பட்ட பக்கமெல்லாம் காய்கள் அவித்தது போல மண்ணிறமாகிச் சுருங்கின. இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்த மதாம் மேல் தட்டுக்கு ஏறினார். கத்தவில்லை. ஒரு குலையைக் கையில் ஏந்தியபடி, ஏன் இப்படிச் செய்தாய் என்று அண்ணையைப் பார்த்துக் கேட்டார். பிறகு மொழிபெயர்ப்புக்காக என்னைப் பார்த்தார்.

"மதாம் ஏன் எண்டு கேக்கிறா," என்றேன்.

"நீங்கள் சொன்னபடிதானே செய்தனான், தங்கச்சி. அதைச் சொல்லுங்கோவன்."

நான் மதாமிடம் திரும்பி, "பா கொம்ப்ரி," என்றேன். அவருக்கு விளங்கவில்லையாம், ஒரு பக்கம் என்று நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லையாம்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால், பயம் என்று சொல்லித் தப்பலாம். பயம் பாதிதான். முந்திரிகை தெரிந்தவள் என்ற பெயர் போய்விடும் என்ற வெட்கம்தான் மீதி. அந்தப் பெயருக்காக ஒரு மனிதனின் பெண்சாதி பிள்ளையை விற்றேன்.

கருகிய குலைகளை அண்ணையே ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தார். அறுவடை முடிந்ததும், சொன்னது விளங்காத ஆளுக்கு ஒப்பந்தம் எழுத முடியாது, மன்னிக்கச் சொல்லுங்கள் என்றார் மதாம். அதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். அண்ணை தலையை ஆட்டிவிட்டுக் கையுறைகளைக் கழற்றி மதிலில் வைத்தார்.

மேல் தட்டில் தப்பிய குலைகள் கொஞ்சம்தான். ஆனால் அந்த வருட வைன்போல முன்பும் இல்லை, பின்பும் இல்லை என்று வருகிறவர்கள் இன்றும் புகழ்கிறார்கள். போத்தலில் அடைத்த பிறகு மதாம் எல்லோருக்கும் ஒவ்வொன்று தந்தார். என்னிடம் இரண்டு தந்தார். "ஒன்று அவருக்கு. உழைத்தவர்தானே," என்றார். என்னுடையதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். மற்றதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு முகம் இருக்கவில்லை.

அண்ணை லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அங்கே ஒப்பந்தம் கிடைக்க வருடங்கள் ஆயின. போன கோடையில் கோயில் தேருக்கு மனைவியோடும் மகளோடும் வந்திருந்தார். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. தகப்பனோடு ஒட்டாமல், ஓரடி தள்ளியே நின்றாள். பேச்சும் தாயோடுதான்.

அவரைத் தனியே கூப்பிட்டேன்.

"அண்ணை, உங்களுக்கெண்டு மதாம் தந்த போத்தல் ஒண்டு எங்கட வீட்டில நிக்குது. வேற ஒண்டும் சொல்ல இருக்கு. அண்டைக்கு மதாமிட்ட நான் சொன்னது..."

"தெரியும், தங்கச்சி," என்றார். "பா கொம்ப்ரி எண்டதுதான் அகதி முகாமில நான் முதல் படிச்ச பிரெஞ்சு. அது மட்டும் எனக்கு நல்லா விளங்கும்."

"பிறகேன் அண்ணை அந்த இடத்தில ஒண்டும் கதைக்கேல்லை?"

"கதைச்சிருந்தா, அதையும் நீங்கள்தானே மதாமுக்குச் சொல்ல வேணும்?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, மகளுக்கு மோர் வாங்கத் தண்ணீர்ப்பந்தல் பக்கம் போனார்.