பெரிய பட்டன் வைத்த வாக்கி டாக்கி

மஞ்சுவிரட்டுக்கு ஒரு வாரம் இருந்தது. அனுசுயா ரேஷன் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காரைக்குடி பஸ்ஸில் ஏறினாள். வாக்கி டாக்கி வாங்க வேண்டும்.

அவள் வளர்க்கும் செவலைக் காளை போன வருடம் மஞ்சுவிரட்டுத் தொழுவை விட்டு வெளியேறியதும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடியது. ஓடியது ஓடியதுதான். மஞ்சுவிரட்டில் மாட்டைப் பிடிப்பதைவிட, பிடிபடாமல் போன மாட்டைத் தேடுவது பெரிய வேட்டை. கண்மாய், கருவேலங்காடு, அடுத்த ஊர் வயல் என்று அலைய வேண்டும். செல்போனும் உதவாது, அத்தனை ஊர் ஜனமும் ஒரே பொட்டலில் நின்று பேசினால் டவர் திணறிப்போகும். கடைசியில் திருப்பத்தூர் தாண்டி ஒரு தோப்பில் யாரோ முகம் தெரியாதவர் மாட்டைக் கட்டிப்போட்டுத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அதன் காலில் முள் கிழித்த காயம் ஆற மாசி பிறந்துவிட்டது.

"இந்த வருசமும் பொழுது அடையுறதுக்குள்ள மாடு வீட்டுக்கு வரலைன்னா வித்துரணும்க்கா. சரின்னு சொல்லு" என்றான் தம்பி வேல்பாண்டி. வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவன். மாட்டுக் கொட்டகைப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவன். வேறு வழியில்லாமல் அவளும் சரி என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஊருக்கெல்லாம் எடை பிசகாமல் போட்டுக் கொடுக்கிறவள், தன் வீட்டு டப்பாவில் வெல்லம் கரைந்துகொண்டே போவதைக்கூட எலி என்று விட்டுவிட்டாள்.

காரைக்குடிக் கடைக்காரர் அன்வர் சாதிக் கேமரா விற்பவர். கல்யாண மண்டபங்களுக்கு வாக்கி டாக்கியும் கொடுப்பார்.

"எதுக்குக்கா, மண்டபத்துக்கா? காவலுக்கா?"

"மாடு தேட, பாய்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். பிறகு உள்ளே போய்க் கனமான ஒன்றை எடுத்து வந்தார். "இது ரொம்பத் தூரம் எடுக்கும். ஆனா லைசென்ஸ் வேணும். அது இல்லாம நான் தரமாட்டேன். போலீஸ் பிடிச்சிட்டா உங்களத் தேட இன்னொரு செட்டு வாங்கணும்."

"லைசென்ஸ் கேக்காதது?"

சின்னதாக ஒன்று வந்தது. பெட்டியில் ஐந்து கிலோமீட்டர் என்று அச்சடித்திருந்தது.

"நெசமாவே அஞ்சு எடுக்குமா?"

"மரம் மட்டை இல்லாத ஊருல எடுக்கும். நீங்க சொல்லுற கருவேலங்காட்டுல பாதிகூடத் தேறாது. ஒரு ஆளு ஒசரமா நின்னு, இங்குட்டுக் கேட்டத அங்குட்டுச் சொன்னாத்தான் உண்டு."

அனுசுயா வாய்வார்த்தையை நம்புகிறவள் இல்லை. ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு மற்றொன்றோடு கடைவீதியில் நடந்தாள். பஸ் ஸ்டாண்டு பின்பக்கம் போனபோது அவர் குரல் கரகரத்து அறுந்தது. திரும்பி வந்து, "சரி, பொய் சொல்லலை" என்றாள்.

அதிலும் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் பேசுவதற்கான பட்டன் உள்ளடங்கிச் சின்னதாக இருந்தது. மற்றதில் ரப்பர் பட்டன் புடைத்துக்கொண்டு நின்றது.

"எங்க ஆளுக கை எல்லாம் காய்ப்பு ஏறுன கை. ஓடுற ஓட்டத்துல இத்தனூண்டு பட்டன எங்கிட்டுத் தேடுவாக? பெருசே குடுங்க."

"பெருசு தானா அமுங்குனாலும் அமுங்கும்க்கா. பெல்ட்டுல மாட்டிக்கிறச் சொல்லுங்க."

தலையாட்டிவிட்டு நான்கை வாங்கினாள். மஞ்சுவிரட்டுக்கு எவன் பெல்ட் கட்டிக்கொண்டு வருவான் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

மஞ்சுவிரட்டு அன்றைக்கு, கேட்டதை மற்றவர்களுக்குக் கடத்திச் சொல்ல உயரமான கண்மாய்க் கரையில் யார் நிற்பது என்பதில்தான் முதல் தகராறு. சரக்கு வண்டி ஓட்டும் சோமு கையெடுத்துக் கும்பிட்டான். "மாடு ஓடுறப்ப கரையில ஒத்தக் கால்ல நிக்க நான் என்ன கொக்கா?" பக்கத்து வீட்டுக் காளிராஜும் நழுவினான். அனுசுயாவே கரை ஏறினாள். தீவனம் போட்டு வளர்த்தவளுக்குத் தன் மாடு தொழுவிலிருந்து சீறி வருவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கூட்டத்தின் இரைச்சல் எழுந்து அடங்கியதைத்தான் கேட்டாள்.

"அக்கா, செவலை யாருகிட்டயும் சிக்கலை! மேக்கால போகுது!" என்று சோமு கத்தினான். வேல்பாண்டியை மேற்கே போகச் சொன்னாள். "சரி சரி" என்று பதில் வந்தது. அதோடு எல்லாம் கெட்டது.

வாக்கி டாக்கியில் புஸ் புஸ்ஸென்று மூச்சு. முள்ளில் துணி உரசும் சத்தம். "வேலு, கேக்குதா?" என்றாள்; மூச்சுதான் திரும்ப வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. கடன்காரன் அதை வேட்டி மடிப்பில் செருகியிருக்கிறான்; பட்டன் அமுங்கிக் கிடக்கிறது. அவன் விடுகிறவரை வேறு யாரும் பேச முடியாது. அவன் பேசுவதை எல்லோரும் கேட்கலாம், அவ்வளவுதான். வெயில் மேற்கே சாயச் சாய அவள் வாக்கி டாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

வேல்பாண்டிக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் குரல்: "செவலையா? செங்கச்சூளைப் பக்கம் போச்சுப்பா."

மறுபடி ஓட்டம், இருமல். பிறகு ஓட்டம் நின்றது. கழுத்துமணி கேட்டது. அவளுடைய மாட்டின் மணி.

"ஏய் தங்கம்... ஓடாதடா. என் சாமியில்ல. அக்கா அங்க உசுரக் கையில பிடிச்சிக்கிட்டு நிக்கும்டா." வேல்பாண்டியின் குரல்தான். அப்படியொரு குரல் அவனுக்கு இருப்பது அவளுக்குத் தெரியாது. "விக்கிறதாச்சு, மண்ணாச்சு! அன்னைக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். நீ இல்லாத வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? இந்தா... வெல்லம். தெனம் திங்கிறதுதான? மெதுவா. அக்காட்ட மட்டும் சொல்லிராத."

கரையில் தனியாக நின்றுகொண்டு அனுசுயா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள். கண்ணும் கலங்கியது.

பொழுது அடைவதற்கு முன்பே மாடு வாசலில் நின்றது. வேல்பாண்டி கயிற்றைக் கட்டிவிட்டு முகத்தை இறுக்கிக்கொண்டான்.

"உன் ரேடியோ ஒண்ணுக்கும் ஆகாதுக்கா. ஒரு வார்த்த கேக்கலை. தப்பிச்சிருச்சு இந்தச் சனியன். அடுத்த வருசம் வித்துர வேண்டியதுதான்."

"ஆமாடா, வித்துருவோம்" என்று சொல்லிக்கொண்டே அவன் மடிப்பிலிருந்ததை உருவினாள். பட்டன் விடுபட்டது. அதற்காகவே காத்திருந்ததுபோல் அதிலிருந்து சோமுவின் குரல் தெருவெல்லாம் கேட்க வந்தது:

"மாப்ள, எனக்கும் ஒரு வெல்லக்கட்டி வையிடா!"

பின்னாலேயே காளிராஜ், "தங்கம்னு கூப்பிட்டுக் குடுக்கச் சொல்லு!" என்றான்.

வேல்பாண்டி மாட்டைப் பார்த்தான். அது அவன் சட்டைப் பையை முகர்ந்துகொண்டிருந்தது.