ஹம் இல்லாத கேசட்

எங்கள் மெல்லிசைக் குழுவில் டோலக் வாசிக்கிற எனக்கு மட்டும்தான் கரண்ட் தேவையில்லை. கல்யாண வரவேற்புகளில் மேடை ஏறியதும் நான் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கிட்டார் வாசிக்கும் பிராங்க் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி மாட்டிக்கொண்டு அலைவார். எல்லாம் அந்த ஹம்முக்காக. ஆம்பிளிபயரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வரும். கம்பியில் கை வைத்தால் குறையும், எடுத்தால் ஏறும். கோபியில் ஒரு கல்யாணத்தில் பாதிப் பேர் பந்திக்கு எழுந்து போன பிறகும், சீரியல் பல்பை அணைக்கச் சொல்லி மண்டபக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். “உங்களுக்குக் காது கொஞ்சம் ஓவருங்க” என்று கேலி செய்வேன். சிரிக்க மாட்டார்.

பகலில் அவர் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தார். கணபதிப் பகுதியில் வாடகை வீடு. பக்கத்துச் சுவர் வரதராஜுலுவின் லேத் பட்டறை. பிராங்கின் மனைவி கிளாடிஸ்தான் எங்கள் குழுவின் பெண் குரல், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவுக்கும் அவர்தான் தலைவி. அவர் பாட ஆரம்பித்தால் சமையல்காரர்கள்கூடக் கரண்டியை வைத்துவிட்டு வந்து நிற்பார்கள்.

தொண்ணூற்று நான்கில் அவருடைய தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையையே எடுத்தாக வேண்டுமாம். ஈஸ்டர் முடிந்து ஆபரேஷன். அப்போது குரலில் லேசான கரகரப்பு மட்டும்தான் இருந்தது.

பிராங்க் அழவில்லை. கல்யாணமான புதிதில் கிளாடிஸுக்காக அவரே மெட்டுக் கட்டிய பாட்டு ஒன்று உண்டு. அதை கிளாடிஸின் குரலில் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். துபாயிலிருந்து மச்சினர் கொண்டுவந்த உயர்ந்த ரக கேசட் ஒன்று பிரிக்காமல் இருந்தது. காந்திபுரத்தில் கிடைக்கிற கேசட்டெல்லாம் இரையும் என்று அவற்றை அவர் தொடவே இல்லை. அந்த ஒரு கேசட்தான்.

முதல் நாள் கிளாடிஸ் பாடினார். நானும் இருந்தேன். பிராங்க் போட்டுக் கேட்டார், முகம் சுருங்கியது.

“ஹம் இருக்குது. வேற எடுக்கோணும்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க” என்றார் கிளாடிஸ்.

“எனக்குக் கேக்குது அம்மணி. நாளைக்கு இத மட்டுந்தான் நான் கேக்கப் போறேன். சுத்தமா இருக்கோணும்.”

அதன் மேலேயே மறுபடி எடுத்தார். மறுபடியும் ஹம். டியூப்லைட்டை அணைத்துக் குண்டு பல்பு போட்டார். வரதராஜுலு பாவம், ஆர்டரை விட்டுவிட்டு லேத்தை நிறுத்திக் கொடுத்தார். கிட்டாரின் முதுகைத் திறந்து உள்ளே சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஒட்டி ஒயரோடு பற்றவைத்தார் பிராங்க். முனகல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் முந்தைய பாட்டு அழிந்தது. ஒவ்வொரு தடவையும் கிளாடிஸின் குரல் இன்னும் கொஞ்சம் கரகரத்தது. அது பிராங்கின் காதில் விழவே இல்லை. ஹம் மட்டும்தான் விழுந்தது. எனக்கு வந்த கோபத்தில் டோலக்கை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

“கிட்டாரே வேண்டாமுங்க. அவங்க சும்மா பாடட்டும்” என்றேன்.

“அவ எங்கூடப் பாடித்தான் பழக்கம்” என்றார்.

கடைசியில் வரதராஜுலுதான் சுவரிலிருந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்துச் சொன்னார். “ஏனுங்க பிராங்க், மூணு ஓட்டை இருக்குது, எர்த் ஒயரே இல்லீங்களே.” வீட்டுக்காரர் காசு மிச்சம் பிடித்திருந்தார். இருவருமாகக் கொல்லையில் எர்த்துக்குக் குழி தோண்டி, குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டினார்கள். மண் ஈரமாகவே இருந்தால்தான் வேலை செய்யும் என்று கிளாடிஸ் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். பேச்சு அவருக்கு அதற்குள் வெகுவாகக் குறைந்திருந்தது.

ஒயரை இழுத்துக் கொடுத்த அன்று, சரியாகிவிட்டதா என்று பார்க்க, பிராங்க் அதே கேசட்டில் கிட்டாரை மட்டும் வாசித்துப் பதிந்தார். போட்டுக் கேட்டார். துளி முனகல் இல்லை. சின்னப்பிள்ளை மாதிரி துள்ளினார்.

“கிளாடிஸ்! ஓடி வா கண்ணு, போயிருச்சு!”

கிளாடிஸ் வந்து மைக் முன்னால் நின்றார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றார். அதற்கும் காற்றுதான். பிராங்க் அவரைப் பார்த்தார், பிறகு கேசட்டைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்றைக்கு அந்த மனிதர் அழுததை நான் எழுத விரும்பவில்லை.

ஈஸ்டருக்கு முன்பே மூச்சுத் திணறி, ஆபரேஷனை முன்னால் நகர்த்தினார்கள். கிளாடிஸ் பிழைத்து வந்தார். கழுத்தில் ஓட்டை, அதன் மேல் வெள்ளைத் துணி. பிராங்க் அதற்குப் பிறகு எந்தக் கச்சேரிக்கும் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். டெக்கில் அந்தக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. வெறும் கிட்டார், கண்ணாடி மாதிரி சுத்தம். அது முடிந்ததும் பிராங்க் எப்போதும்போல நிறுத்த எழுந்தார். கேக்கைப் பிரித்துக்கொண்டிருந்த நான், “இருக்கட்டுமுங்க, என்ன அவசரம்” என்றேன்.

‘டக்’ என்றது. சட்டென்று ஹம். பழைய ஹம், அதே முனகல். சோதனைக்கு வாசித்தது பாட்டை விடச் சின்னதாக இருந்திருக்கிறது. அதற்கு முந்தைய பதிவின் வால் அழியாமல் மிஞ்சியிருந்தது. பாட்டின் கடைசி அடி, கரகரத்த குரலில். பிறகு ஒரு மூச்சு. பிறகு கிளாடிஸ் கேட்டார்:

“ஏனுங்க, போதுமுங்களா?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு டேப்பில் ஒன்றும் இல்லை.

எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, காலிக் குடத்தோடு கிளாடிஸ் கொல்லை வாசலில் நின்றுகொண்டிருந்தார். இத்தனை மாதம் கழித்தும் அவர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார். பிராங்க் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“போதலையே கண்ணு” என்றார்.