ஒற்றை எடை மிஷின்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகிற சாலையில் சுப்புராயனின் வெல்டிங் பட்டறை இருந்தது. அப்பாவின் மூன்று ஏக்கர் கரும்பை அண்ணன் பார்த்துக்கொள்ள, இவன் சின்ன வயதிலேயே இரும்போடு வந்துவிட்டான். டிராக்டர் கலப்பை, வண்டி அச்சு, ஜன்னல் கிராதி என்று எது வந்தாலும் செய்வான். கைசுத்தமான வேலைக்காரன் என்று பெயர். பொய் பேசமாட்டான் என்றும் பெயர் இருந்தது. இரண்டாவது பெயர்தான் பிற்பாடு அவனைப் படுத்தியது.

எண்பத்தாறாம் வருஷம் கோடையில் ராஜாங்கம் ஒரு காகிதத்தோடு வந்தான். ராஜாங்கத்தின் அப்பாவுக்கு ரைஸ்மில் இருந்தது. மில் குடோனில் பாதியை ஒழித்து, பாரும் கர்லாக்கட்டையும் போட்டு ஒரு தேகப்பயிற்சிக் கூடம் நடத்திவந்தான். ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து கிழித்த பக்கம் அது. படத்தில் ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்த வாக்கில், தலைக்கு மேலே தொங்கிய கம்பியை மார்புவரை இழுத்துக்கொண்டிருந்தான். அந்தக் கம்பியில் கட்டிய ஒயர் மேலே போய் உருளையில் திரும்பி, பின்னால் அடுக்கியிருந்த இரும்புத் தட்டுகளைத் தூக்கியது. எத்தனை தட்டு வேண்டுமோ அதற்கடியில் ஓர் ஊசியைச் செருகினால் போதும்.

"நம்மூர்ல பண்ண முடியுமா, சுப்பு?"

"பாக்கலாம்ணா."

சட்டம் ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. தட்டுகள்தான் வரவில்லை. எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும், துளைகள் ஒரே நேராக இருக்க வேண்டும். சுப்புராயன் காயலான் கடைத் தகட்டில் வெட்டிய தட்டுகள் பாதி ஏறியதும் சாய்ந்து சிக்கிக்கொண்டன. மோட்டார் சைக்கிளின் கிளச் ஒயரைப் போட்டான், அது மூன்றாம் நாளே அறுந்தது. சட்டம் பட்டறைச் சுவரோரம் ஒரு மாதம் சும்மா நின்றது.

கிணறு வெட்டும் கிரேனுக்கு ஒரு கொக்கியைப் பற்றவைக்க வந்த மாயவன் அந்தச் சட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மாயவன் தியாகதுருகம் பக்கத்துக் காலனிக்காரன். வெடி வைத்துப் பிளந்த பாறையைக் கிணற்றிலிருந்து மேலே தூக்குகிற கிரேனில் பத்து வருஷமாகக் கூலிக்கு நின்றவன். சுப்புராயன் வயதுதான் அவனுக்கும்.

"இது இன்னாங்க, சின்னக் கிரேனா?"

"கிரேன் இல்ல, கஸரத்து மிஷின். ஒடம்பு ஏத்த."

விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். "இத்தினி தட்டு எதுக்கு? எடை ஒண்ணு போதுமே" என்றான். சொன்னவன் சும்மா இருக்கவில்லை. ஒரு கடப்பாரையின் நுனியைச் சட்டத்துக்கடியில் முட்டுக்கொடுத்தான். முட்டிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கயிற்றைக் கட்டி, சட்டத்தின் மேலிருந்த உருளையில் போட்டு, மறுமுனையைச் சுப்புராயன் கையில் கொடுத்தான். பிறகு ஒரு கல்லைக் கடப்பாரையில் தொங்கவிட்டான். கல் முட்டுக்கு அருகில் இருந்தபோது கயிறு சுண்டுவிரலுக்கு வந்தது. கல்லைத் தள்ளித் தள்ளிக் கடைசி நுனிக்குக் கொண்டுபோனான். அதே கல்தான், சுப்புராயனுக்கு மூச்சு முட்டியது.

"இடம் மாறினா பாரம் மாறுது. வரிசையா ஓட்டை போட்டு ஊசி குத்திக்கினா ஆச்சு."

சுப்புராயன் கயிற்றை விடாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு மாதம் இருவரும் அதிலேயே கிடந்தார்கள். கிரேன் வேலை இல்லாத நாளெல்லாம் மாயவன் வந்துவிடுவான். கடப்பாரைக்குப் பதில் ஒன்பது துளை போட்ட சேனல் இரும்பு வந்தது. கல்லுக்குப் பதில் பழைய ஆயில் இன்ஜினின் கனமான ஃப்ளை வீல் சக்கரம் வந்தது. கிரேன் ரோப்பில் கழித்துப்போட்ட துண்டைக் கொண்டுவந்து, முறுக்கைப் பிரித்து ஒரே ஒரு இழையை எடுத்தான் மாயவன். ஒயர் உருளையை விட்டுத் துள்ளாமலிருக்க இரண்டு பக்கமும் தகடு வைக்கச் சொன்னதும் அவன்தான். பட்டறைக்குள் இருவரும் வாடா போடா என்று பேசிக்கொண்டார்கள். டீக்கடைக்குப் போனால் மாயவன் 'ங்க' போடுவான், சுப்புராயன் அதை அப்படியே விட்டுவிடுவான்.

மிஷின் குடோனுக்குப் போனது. ஒல்லிப் பையன் முதல் துளையில் இழுத்தான், ராஜாங்கம் ஒன்பதாவதில் இழுத்தான். சங்கராபுரத்திலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். விடியற்காலையில் மாயவனும் வந்து இழுத்துவிட்டு வேலைக்குப் போவான். காலனியிலிருந்து அங்கே வந்தவன் அவன் ஒருவன்தான். ராஜாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை என்பது சுப்புராயனுக்குத் தெரியும். மிஷினில் ஏதாவது கோளாறென்றால் மாயவன் வேண்டும் என்பதால் ராஜாங்கம் வாயைத் திறக்கவில்லை.

எண்பத்தேழு செப்டம்பரில் சுப்புராயனின் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. சுப்புராயனும் போனான். அண்ணன் மகன் நல்ல மார்க் வாங்கியும் காலேஜில் இடம் கிடைக்காமல் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தான். அந்த ஆத்திரம் நிஜமானது. தியாகதுருகம் சாலையில் புளியமரத்தை அறுத்துக் குறுக்கே தள்ளியவர்களில் அவனும் ஒருவன். எங்கள் பங்கை எங்களுக்குக் கொடு என்று தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினான்.

மறியல் முடிந்தும் ஊர் அடங்கவில்லை. எங்கெங்கோ குடிசை எரிந்தது என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. ஊர்த்தெருவும் காலனியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் நடந்தன. இருபது நாள் கழித்து ஒரு காலையில் மாயவன் வழக்கம்போல் குடோனுக்கு வந்தான். சுப்புராயன் உருளைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

ராஜாங்கம் வாசலிலேயே கையை நீட்டி மறித்தான். "இனிமே உங்காளுங்க யாரும் இங்க வர வேணாம்."

மாயவன் சண்டைக்குப் போகவில்லை. "மிஷினு நாங்க ரெண்டு பேரும் பண்ணதுங்க. யோசனை என்னுது. வேணும்னா கேட்டுப் பாருங்க" என்றான்.

ராஜாங்கம் திரும்பினான். "இன்னா சுப்பு, இது யார் பண்ணது?"

எல்லாரும் பார்த்தார்கள். மாயவனும் பார்த்தான். அவன் முகத்தில் பயமே இல்லை. பதில் என்னவென்று தெரிந்தவனின் முகம் அது.

"நான்தான் பண்ணேன்" என்றான் சுப்புராயன். சொல்லி நிறுத்தியிருக்கலாம். "அவன் ஒத்தாசைக்கு வந்துகினு இருந்தான்" என்றும் சேர்த்தான்.

சொல்லிவிட்டு உருளைப் பக்கம் குனிந்துகொண்டான். எண்ணெய் ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்தது, மேலும் விட்டான். நிமிர்ந்தபோது வாசலில் மாயவன் இல்லை.

அன்று சுப்புராயன் சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துகொண்டான். மனைவி ரங்கம்மாள் என்ன என்று கேட்டாள், சொன்னான். அவள் தட்டை எடுத்துக்கொண்டே, "இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்களேன், தூரமா இன்னா?" என்றாள். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தான். அந்த நாளை வர மூன்று வருஷம் ஆனது.

அதற்குள் மிஷினுக்குப் பேர் பரவிவிட்டது. சின்னசேலம், விழுப்புரம், திருக்கோவிலூர் என்று கேட்டு வந்தார்கள். வாங்கியவர்கள் 'சுப்புராயன் மிஷின்' என்றே சொன்னார்கள். பெயின்டர் அந்தப் பெயரைச் சட்டத்தில் சிவப்பில் எழுதியபோது சுப்புராயன் வெளியே போய் நின்றுகொண்டான், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்பத்தொன்பதில் மிகவும் பிற்பட்டோருக்கென்று தனி ஒதுக்கீடு வந்தது. மறுவருஷம் அண்ணன் வீட்டு இளையவனுக்கு இன்ஜினியரிங்கில் இடம் கிடைத்தது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். "நீயும் மரம் அறுத்தவன்தானே" என்று அண்ணன் அவன் வாயில் ஊட்டினான். சுப்புராயன் கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, அந்த வாரமே மாயவன் எங்கே என்று விசாரிக்க ஆரம்பித்தான்.

வெள்ளிமலைப் பக்கம் கிணறு வெட்டுகிறான் என்று சொன்னார்கள். பஸ் ஏறினான். இறங்கி, தினை விதைத்திருந்த சரிவில் அரைமணி நேரம் நடந்தான். கிரேன் சத்தம்தான் வழி காட்டியது. மாயவனின் மனைவி ராஜாம்பாள் உடைத்த கல்லைக் கூடையில் சுமந்துகொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள்.

மாயவன் இன்ஜினை நிறுத்திவிட்டு வந்தான். தோள் இன்னும் அகன்றிருந்தது.

"வாங்க" என்றான். அங்கே சுற்றுவட்டாரத்தில் வேறு ஆளே இல்லை. இருந்தும் 'வாங்க' என்றான்.

மூன்று வருஷமாகக் கோத்து வைத்திருந்த பேச்செல்லாம் சுப்புராயனுக்கு மறந்துபோனது. "அன்னிக்கி நான் சொன்னது தப்புடா" என்றான். "பயந்துட்டேன். அத்தினி பேர் இருந்தாங்க."

"எனக்கும்தான் அத்தினி பேர் இருந்தாங்க."

"நீ வந்துடு. பட்டறையில பாதி உன்னுது. பேரும் உம்பேரு போட்டுடறேன்."

மாயவன் கிணற்றைப் பார்த்தான். "இங்க தண்ணி வர இன்னும் பத்தடி இருக்குதுங்க. நடுவுல வுட்டுட்டு எப்பிடி வர்றது?"

"முடிச்சிட்டு வா."

"இது முடிஞ்சா அடுத்த கிணறு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது சுப்புராயனுக்கு. போகத் திரும்பியவனை மாயவனே கேட்டான்: "ஒயர் இன்னும் அந்த இழையே போடறீங்களா?"

"இல்ல, அது ரெண்டு எடத்துல அறுந்துச்சு. இப்ப தடியா போடறோம். ஆனா தடி ஒயரும் நாலு மாசத்துல நார் நாரா பிரியுது. இன்னான்னே புரியல."

மாயவன் தலையாட்டினான். "ஏன் பிரியுதுன்னு எனக்குத் தெரியும்" என்றான். கிரேனுக்குப் போய் இன்ஜினைச் சுற்றிவிட்டான்.

காத்திருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ. சுப்புராயன் கேட்காமலே பஸ்ஸுக்கு நடந்தான். அவனிடமிருந்து ஒருமுறை எடுத்துக்கொண்டதே போதும் என்று பட்டது.

மறுநாள் காலை குடோனுக்குப் போனான். ஆள் கூடுகிற நேரமாகப் பார்த்துத்தான் போனான். "இந்த மிஷினு யோசனை மாயவனோடது. அன்னிக்கி நான் பொய் சொன்னேன்" என்றான். மிஷினில் உட்கார்ந்திருந்தவன் இழுப்பதை நிறுத்தினான். ராஜாங்கம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி வுடு, அதுக்கு இன்னா இப்ப? எப்பவோ நடந்தது" என்றான். நிறுத்தியவன் மறுபடி இழுக்க ஆரம்பித்தான். இவ்வளவுதானா என்று சுப்புராயனுக்கு இருந்தது. அன்றைக்கு ஒரு வார்த்தையால் ஒரு ஆளை வெளியே அனுப்ப முடிந்த இடத்தில், இன்றைக்கு அவன் சொன்ன உண்மை யாரையும் எங்கேயும் அசைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் புது மிஷின் செய்யவில்லை. பழையபடி கலப்பையும் கிராதியும் பற்றவைத்தான். முன்பு வாங்கியவர்கள் ஒயர் போய்விட்டது என்று ஆள் அனுப்பினால் மட்டும், புது ஒயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, எந்த ஊரானாலும் தானே பஸ் ஏறிப் போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். ரங்கம்மாள் ஒருமுறை கேட்டாள்: "இன்னொரு தடவ மலைக்குப் போய், ஒயர் ஏன் பிரியுதுன்னு கேட்டா அவரு சொல்ல மாட்டாரா?"

"சொன்னாலும் சொல்லுவான்" என்றான் சுப்புராயன், செருப்பை மாட்டிக்கொண்டே. "அதான் போவல."