கரியாலூர் ஏரியில் விழுந்த குடை

நானும் என் கணவர் செல்வமும் ஆறு வருடமாகப் படகில் குடியிருக்கிறோம். முப்பத்திரண்டு அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு; பெயர் தும்பி. அவர் கப்பல் இன்ஜினியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மலேசியாவில் ஒரு வயதான தம்பதியிடம் வாங்கினோம். லங்காவியிலிருந்து தாய்லாந்துத் தீவுகள் வரை, காற்று ஒத்துழைக்கும் மாதங்களில் தீவு தீவாகப் போவோம். மழைக்காலத்தில் படகைக் கரையேற்றி, அடிப்பாகத்துக்குச் சாயம் அடிக்கக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுவோம். ஊர் என்றால் கள்ளக்குறிச்சி. எங்கள் இரண்டு குடும்பமும் நெல்லும் கரும்பும் போடுகிறவர்கள். கடலில் கால் நனைத்தவர்களே குறைவு.

போன ஆடி மாதம் கல்வராயன் மலைக்குப் போய்விட்டு வந்தோம். வாசகர்கள் சிலர் அந்த வழியைப் பற்றிக் கேட்டிருந்ததால் எழுதுகிறேன். ஆனால் நான் மலையேறியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. படகை விற்றுவிடலாம் என்று அவரிடம் சொல்ல, அமைதியான ஓர் இடம் தேவைப்பட்டது.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை 5.40க்கு பஸ். டிக்கெட் 245 ரூபாய். உளுந்தூர்பேட்டையில் பதினைந்து நிமிடம் நின்றது. லாரிக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஆளுக்கு நான்கு இட்லி சாப்பிட்டோம். கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது மணி 10.50. படகிலிருந்து வந்தால் முதல் ஒரு வாரம் எனக்குத் தரை ஆடும். பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது இரண்டு காலையும் அகட்டி, ஆட்டத்துக்குத் தயாராகத்தான் நிற்பேன். பார்க்கிறவர்கள் மூட்டு வலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் தங்கை சுமதி வீட்டில் தங்கினோம். சாப்பாடு முடிந்ததும் செல்வம் வழக்கமான கதையை ஆரம்பித்துவிட்டார். போன மாசி மாதம் ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு, இரண்டு தீவுகளுக்கு நடுவில் அவர் கடலில் விழுந்த கதை.

"மல்லி என் மேல வெச்ச கண்ண எடுக்கவே இல்ல, தெரியுமா? கைய நீட்டிக்கினு பதினோரு நிமிசம் அப்டியே நின்னா. படகத் திருப்பிக்கினு நேரா எங்கிட்ட வந்துட்டா."

"எங்க மல்லியா? கெணத்த எட்டிப் பாக்கவே பயப்படுவாளே!" என்று சுமதி வாயைப் பிளந்தாள்.

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

படகு வாழ்க்கையில் ஒரு விதி உண்டு. ஒருவர் தண்ணீரில் விழுந்தால், இன்னொருவர் அவரை நோக்கிக் கையை நீட்டியபடி நிற்க வேண்டும். என்ன ஆனாலும் கண்ணை எடுக்கக் கூடாது. அலைக்கு நடுவில் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான். ஆனால் படகில் நாங்கள் இருவர் மட்டுமே. கையை நீட்டுகிறவளேதான் பாயையும் இறக்க வேண்டும், சுக்கானையும் திருப்ப வேண்டும். நான் மிதவையை வீசினேன், கையை நீட்டினேன். பிறகு பாய்க்கயிற்றை அவிழ்க்க ஒரு கணம் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவர் இல்லை. நாலா பக்கமும் தண்ணீர். அந்தப் பதினோரு நிமிடத்தில் பெரும்பகுதி அவர் எங்கே என்று தெரியாமல்தான் சுற்றினேன். கடைசியில் அவர் போட்டிருந்த ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் தற்செயலாகக் கண்ணில் பட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும்தான். அவர் அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் ஏதாவது வேலையைச் சாக்கிட்டு எழுந்துபோய்விடுவேன்.

அன்று மாலை படகுப் பட்டறையிலிருந்து செய்தி வந்தது. தும்பிக்குச் சாயம் காய்ந்துவிட்டதாம். எந்தத் தேதியில் தண்ணீரில் இறக்கலாம் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். "பதில் போட்டுடு" என்றார் செல்வம். போடவில்லை. மறுநாள் புதன்கிழமை மலைக்குக் கிளம்பினோம்.

காலை 6.30 பஸ், வெள்ளிமலைக்கு ஆளுக்கு 48 ரூபாய். இடது பக்க ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்ததும் பஸ் ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. என் காதுக்குள் ஆடிக்கொண்டிருந்த தரை அப்போதுதான் அடங்கியது. பக்கத்தில் ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார். நானோ பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கிப்போனேன். 8.35க்கு இறங்கினோம். ஒரு நாளைக்கு 900 ரூபாயில் சுத்தமான அறை கிடைத்தது.

வருடா வருடம் வெள்ளிமலையில் சாமையும் புளியும் வாங்கிப் படகுக்குக் கொண்டுபோவோம். சாமையை உமியோடு வாங்குவதே நல்லது. கடல் ஈரத்தில் உமி நீக்கிய அரிசி மூன்று மாதத்தில் நாற்றம் எடுத்துவிடும். அன்று பத்து கிலோ எடைபோடச் சொன்னார் அவர். "ரெண்டு கிலோ போதுங்க" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

வியாழக்கிழமை விடியற்காலை 5.45க்கு மலைவிளிம்புவரை நடந்தோம். நடந்து போக முக்கால் மணி நேரம். கீழே சமவெளி முழுக்கப் பனிமூட்டம் நிரம்பி, உச்சிகள் மட்டும் பச்சைத் தீவுகளாக மேலே நின்றன. ஒரு தீவில் கோழி கூவியது. இன்னொரு தீவிலிருந்து பதில் வந்தது. காற்று வரும்போது மூட்டம் மெல்ல ஏறி, பாறைகளைத் தொட்டுவிட்டு இறங்கியது. எனக்குத் தும்பியின் காலை வேளைகள் ஞாபகம் வந்தன. நங்கூரம் போட்ட வளைகுடாவில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அவர் டீயைக் கையில் கொடுப்பார். கைப்பிடிக் கம்பியில் என் புடவை காயும். ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் முகம் கழுவி, மீதியில் அரிசி களைவேன். மத்தியானம்வரை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருப்போம், கோபமே இல்லாமல். அந்த வாழ்க்கை எனக்கு அவ்வளவு பிடிக்கும். பிடித்திருந்தும் பயந்தேன்.

"எந்தத் தீவுல எறங்கலாம், சொல்லு" என்றார் செல்வம். படகை விற்கலாம் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், கோழி கூவிய தீவைக் கைகாட்டினேன்.

திரும்பும் வழியில் ஷேர் ஜீப்பில் ஆளுக்கு 30 ரூபாய் கொடுத்துக் கரியாலூரில் இறங்கினோம். சிறிய ஏரி, மிதிபடகு இருக்கிறது. இருவருக்கு அரை மணி நேரம் 120 ரூபாய். படகுத்துறையில் இருந்தவர் பழனி, நாற்பது வயதிருக்கும், அந்த மலைக்காரர். என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாக்கா, தண்ணின்னா பயமா? ஜாக்கெட் போட்டாதான் ஏத்துவேன். அண்ணே, இதுக்கு முன்ன படகுல போயிருக்கீங்களா?"

"ஏதோ கொஞ்சம்" என்றார் என் கணவர், பவ்யமாக.

ஏரி நடுவில் பத்து நிமிடம் மிதித்ததும் அவருக்குக் கை ஊறியது. "காத்து இருக்கச்சொல்ல எதுக்கு மல்லி மிதிக்கணும்?" என்று எங்கள் பெரிய கறுப்புக் குடையைக் காற்றுக்கு விரித்துப் பிடித்தார். மிதிபடகில் பாய் கட்டும் ஆள் இந்த உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். ஆடிக் காற்று, படகு சொன்னபடி ஓடியது, நேராகப் பாசி மண்டிய மறுகரையை நோக்கி.

"அண்ணே! குடைய மடக்குங்க! அங்க பாசி ஜாஸ்தி, மாட்டிக்கினா நான்தான் வந்து இழுக்கணும்!" என்று பழனி கரையிலிருந்து கத்தினார்.

மடக்குவதற்குள் ஒரு வீச்சில் குடை பிடுங்கிக்கொண்டு பறந்து, தண்ணீரில் மல்லாக்க விழுந்தது.

"போனா போவுது, வுடு" என்றார் செல்வம்.

என் கை அதற்குள் நீண்டிருந்தது. "நீங்க மிதிங்க. நான் காட்றேன்" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை. குடை சுழன்றது, தண்ணீர் குடித்தது, கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. நான் இமைக்கவில்லை. "தாண்டிப் போங்க... இப்ப காத்துக்கு எதுரா திருப்புங்க... நிறுத்துங்க." விளிம்பு மட்டும் தெரிந்துகொண்டிருந்தபோது குனிந்து பிடித்துவிட்டேன். குடை மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. வலது கை மட்டும் இன்னும் வெறும் தண்ணீரைக் காட்டியபடியே நின்றது. அதைச் செல்வம்தான் பிடித்து இறக்கினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னேன். "அன்னைக்கி நான் கண்ண எடுத்துட்டேங்க. உங்கள தொலச்சிட்டேன். எங்க இருக்கீங்கன்னே தெரியாமத்தான் சுத்திக்கினு இருந்தேன்."

அவர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தெரியும் மல்லி. படகு தப்பான பக்கம் போச்சே. தண்ணியில கெடந்தவன் வேற இன்னாத்த பாப்பான்? நீ கண்ண எடுத்த. நான் எடுக்கல."

"அப்புறம் எதுக்கு ஊரெல்லாம் அப்டிச் சொல்லிக்கினு இருந்தீங்க?"

அவர் குடையைப் பார்த்தார். "பெல்ட்ட கம்பியில மாட்டாம நான் முன்னால போனத எவன்கிட்டயாச்சும் சொன்னேனா? ஒரு நிமிச வேலதானேன்னு போனேன். உன்னப் பெருமையாச் சொன்னா, அத யாரும் கேக்க மாட்டாங்க."

உண்மைதான். ஓடும் படகில் முன்பக்கம் போகிறவர் இடுப்பு பெல்ட்டின் கொக்கியைப் படகுக் கம்பியில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதும் எங்கள் விதி. அத்தனை முறை கேட்ட அந்தக் கதையில் பெல்ட் வந்ததே இல்லை. எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஐந்து மாதம் நான் தூக்கிச் சுமந்ததில் பாதி இந்த மனுஷனுடையது.

கரையில் பழனி கைகொடுத்து இறக்கிவிட்டார். "குடைக்காக எதுக்குக்கா அழுவுறீங்க, பத்திரமா எடுத்துட்டீங்களே!" என்றார். ஜீப் பிடித்து மறுபடி வெள்ளிமலைக்கே போய், இன்னும் எட்டு கிலோ சாமை வாங்கினோம். மறுநாள் வெள்ளிக்கிழமை, கள்ளக்குறிச்சி பஸ்ஸில் டவர் கிடைத்த இடத்தில், தும்பியை இறக்கும் தேதியைப் பட்டறைக்கு அனுப்பினேன். அதற்கு முன் அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். கண்ணாடி மாதிரி கடல் கிடந்தாலும் சரி, பெல்ட்டை மாட்டாமல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆடி, ஆவணியில் அருவிகளில் தண்ணீர் இருக்கும். விடியற்காலைக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும். கடைசி பஸ் நேரத்தைக் காலையிலேயே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஏரியில் கொடுக்கும் ஜாக்கெட்டை, நீங்கள் எத்தனை கடல் பார்த்தவராக இருந்தாலும், போட்டுக்கொள்ளுங்கள். குடை கொண்டுபோனால் பிடியில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலைதான்.